நித்திரையின்மைச் சிகிச்சை: குளிசையிலிருந்து கணினித்திரை வரை
— ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் தன் விருப்பத்தால் மட்டும் செய்துமுடிக்க இயலாத செயல்களுள் நித்திரை கொள்ளுதலும் ஒன்றாகும். உண்ண விரும்புபவன் உண்ணலாம். நடக்க விரும்புபவன் நடக்கலாம். உறங்க விரும்புபவனோ படுக்கையிற் சாயலாமேயன்றி, உறக்கத்தை ஆணையிட்டு வரவழைத்தல் இயலாது. முயலுந்தோறும் விலகிச் செல்லும் இத்தன்மையே நித்திரையின்மை என்னும் நோயின் மையமாக அமைகின்றது. இந்நோய்க்கு நவீன மருத்துவம் கடந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் இருவகை விடைகளை அளித்துள்ளது. ஒன்று, பிறர் தர நாம் விழுங்கும் பொருள். மற்றையது, நாமே கைக்கொண்டு ஒழுகும் முறை. முன்னையது குளிசை, பின்னையது அறிகை நடத்தைச் சிகிச்சை. அச்சிகிச்சை இன்று வைத்தியரின் அறையை விட்டு நீங்கி, இணையவழிச் சுயவுதவியாக நோயாளியின் கணினித்திரைக்கே வந்துவிட்டது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அது எதனை வென்றது, எதனை இன்னும் வெல்லவில்லை என்பவற்றை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளிசையின் காலம்

நித்திரை மருந்தின் நவீன வரலாறு ஜேர்மானிய இரசாயனக் கூடங்களிலே தொடங்குகின்றது. 1832ஆம் ஆண்டில் யுஸ்ரஸ் வொன் லீபிக் குளோரல் ஐதரேற்று என்னும் சேர்வையைத் தயாரித்தார். அதன் துயிலூட்டும் பண்பை 1869இல் ஒஸ்கார் லீப்றைக் எடுத்துக்காட்டிய பின்னர், அது மருத்துவ உலகில் விரைந்து பரவிற்று. 1903இல் எமில் பிஷர், யோசெப் வொன் மேறிங் ஆகிய இருவரின் ஆய்வின் பயனாக வெரோனல் சந்தைக்கு வந்தது. 1912இல் லூமினல் தொடர்ந்தது. பாபிற்றியூரேற்றுகள் எனப்படும் இம்மருந்துக் குடும்பம் அடுத்த அரை நூற்றாண்டின் இரவுகளை ஆண்டது எனலாம். ஆயின், துயிலூட்டும் அளவுக்கும் உயிரைப் போக்கும் அளவுக்கும் இடையில் இவற்றில் இருந்த இடைவெளி மிகச் சிறிது. உடல் மருந்துக்குப் பழகப் பழக அளவைக் கூட்ட வேண்டியிருந்தமையால் அந்த இடைவெளி மேலும் குறுகியது.

இவ்வாபத்து நீங்கிய மருந்து என்ற உறுதிமொழியோடு 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு விடப்பட்டதே தலிடோமைட்டு ஆகும். வைத்தியரின் சிட்டையின்றியே வாங்கத்தக்க அளவுக்கு அது பாதுகாப்பானதென நம்பப்பட்டது. கர்ப்பிணிகளும் அதனை உட்கொண்டனர். 1961ஆம் ஆண்டு நவம்பரில் அது மீளப்பெறப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் குறைபட்ட உறுப்புகளோடு பிறந்தன. இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பேரவலங்களுள் ஒன்று ஒரு நித்திரைக் குளிசையிலிருந்து தோன்றியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அடுத்து வந்தவை பென்சோடயசெப்பீன்கள். லியோ ஸ்ரேர்ன்பாக் கண்டறிந்த லிபிறியம் 1960இலும், வலியம் 1963இலும் வெளிவந்தன. நித்திரைக்கெனவே உரிய மொகடொன் 1965இல் வந்தது. இவை முந்தியவற்றிலும் பாதுகாப்பானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், உடலும் உள்ளமும் இவற்றைச் சார்ந்துவிடுதலும், திடீரென நிறுத்தும்போது நித்திரையின்மை முன்னிலும் கடுமையாகத் திரும்புதலும் காலப்போக்கில் வெளிப்பட்டன. 1979இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம், நித்திரைக் குளிசைகளை வைத்தியர் எழுதிக்கொடுக்கும் வழக்கத்தையே ஆய்வுக்குட்படுத்தி அறிக்கை வெளியிட்டது. 1991இல் பிரித்தானியா திறையசோலம் என்னும் குளிசையைத் தடைசெய்தது. அதன் பின்னர் பரவிய சொல்பிடெம் முதலியவையும் இக்கதைக்கு விலக்கல்ல. உறக்கத்திலே எழுந்து நடத்தல், வாகனம் ஓட்டுதல் போன்ற விபரீதங்களின் காரணமாக 2019இல் அமெரிக்க அரசு அவற்றின் மீது கடும் எச்சரிக்கை பொறிக்கச் செய்தது.

இவ்வரலாற்றில் ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. ஒவ்வொரு புதிய குளிசையும் பழையதன் தீங்கு தன்னிடம் இல்லை என்ற பெயரோடு வந்தது. தன் தீங்கைப் பின்னரே காட்டிற்று. துயில் விலைகொடுத்து வாங்கும் பண்டமாயிற்று. துயில் இழந்தவன் நுகர்வோனாயினான். விழுங்குவதன்றி நோயாளி செய்யவேண்டியது வேறொன்றுமில்லை என்பதே இம்மருந்துகள் அனைத்திற்கும் பொதுவான எடுகோளாகும். அவ்வெடுகோளை மறுத்தவர்கள் வேறொரு துறையிலிருந்து வந்தனர்.

நடத்தை ஆய்வாளரின் வருகை

அமெரிக்க வைத்தியர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் வெளியிட்ட நூலில், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பின் தளர்த்தும் பயிற்சியை விளக்கினார். 1938இல் நித்திரை பற்றிப் பொதுமக்களுக்கெனவே அவர் ஒரு நூல் எழுதினார். துயிலுக்கான வழியை நூலொன்றின் வாயிலாக வாசகனிடமே ஒப்படைத்த இம்முயற்சியைச் சுயவுதவியின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதலாம்.

எனினும், நித்திரையின்மையைக் கற்றுக்கொண்ட ஒரு பழக்கமாக நோக்கிய திருப்பம் 1972இலேயே நிகழ்ந்தது. அவ்வாண்டில் அமெரிக்காவின் நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றிச்சாட் பூற்சின் என்னும் உளவியலாளர் தூண்டற் கட்டுப்பாடு என்னும் முறையை முன்வைத்தார். அவருடைய வாதம் எளிமையானது. நல்ல துயிலுடையவனுக்குப் படுக்கை என்னும் தூண்டி உறக்கம் என்னும் துலங்கலைத் தருகின்றது. துயிலற்றவனோ அதே படுக்கையில் விழித்துக் கிடந்து, கவலைப்பட்டு, நேரத்தைப் பார்த்து, நாளடைவில் படுக்கையை விழிப்பின் தூண்டியாகவே மாற்றிவிடுகின்றான். நாற்காலியில் கண்ணயர்ந்தவன் கட்டிலிற் சாய்ந்ததும் விழித்துக்கொள்ளும் விந்தைக்கு இதுவே விளக்கம்.

இதற்கு அவர் வகுத்த விதிகளும் எளியவை. நித்திரை வரும்போது மட்டும் படுக்கைக்குச் செல்லுதல், படுக்கையில் வாசித்தல், உண்ணல், சிந்தித்தல் முதலியவற்றைத் தவிர்த்தல், சிறிது நேரத்துள் உறக்கம் வராவிடின் எழுந்து வேறோர் அறைக்குச் சென்று, நித்திரை வந்த பின்னரே திரும்புதல், தேவைப்படின் அன்றிரவு எத்தனை முறையேனும் இதனைச் செய்தல், எவ்வளவு உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுதல், பகலுறக்கத்தைக் கைவிடுதல். இவ்விதிகளுள் எதற்கும் மருந்துக்கடை தேவையில்லை. ஆனால், குளிர்ந்த இரவின் இரண்டாம் சாமத்திற் கட்டிலைவிட்டு எழும் மனவுறுதி தேவை.

இரண்டாவது பெரும் பங்களிப்பு நியூ யோர்க்கைச் சேர்ந்த ஆர்தர் ஸ்பீல்மனுடையது. துயிலற்றவர் இழந்த நித்திரையை ஈடுசெய்யும் எண்ணத்தோடு படுக்கையில் நெடுநேரம் கிடக்கின்றனர். அதனால் உறக்கம் நீண்ட நேரத்துக்குள் சிதறிப் போகின்றது. எனவே படுக்கையிற் கழிக்கும் நேரத்தையே குறைக்கவேண்டும் என்றார் அவர். எட்டு மணி நேரம் படுத்திருந்து ஐந்து மணி நேரமே உறங்குபவர், ஐந்து மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருத்தல் வேண்டும். படுத்திருந்த நேரத்தில் உறங்கிய நேரம் எத்தனை வீதம் என்பதே நித்திரையின் வினைத்திறன். அது 90 வீதத்தை எட்டும்போது படுக்கை நேரத்தைக் கால் மணி கூட்டலாம். 85 வீதத்துக்குக் கீழே இறங்கினாற் குறைக்க வேண்டும். 1987இல் வெளியான அவர் குழுவினரின் ஆய்வில் 35 நோயாளர் பங்குகொண்டனர். சராசரியாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவதிப்பட்ட அவர்கள், எட்டு வாரங்களின் முடிவில் முன்னிலும் செறிவாகவும் கூடுதலாகவும் உறங்கினர். விழித்திருக்கும் நேரம் நீள நீள நித்திரைக்கான உந்துதல் உடலிற் சேர்கின்றது என, சூரிச் நகரின் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்த கோட்பாடு, இம்முறை பயன்தருவதன் காரணத்தை விளக்க உதவுகின்றது.

அதே 1987இல் ஸ்பீல்மன் நித்திரையின்மையின் காரணிகளை மூன்றாக வகுத்தார். இயல்பாகவே ஒருவரிடம் உள்ள நாட்டக் காரணிகள், நோயைத் தொடக்கிவைக்கும் காரணிகள், அதனை நீடிக்கச் செய்யும் காரணிகள் என்பனவே அவை. மரணமோ கடனோ பரீட்சையோ நித்திரையின்மையைத் தொடக்கலாம். ஆனால், அந்நிகழ்வு மறைந்த பின்னரும் நோய் நீடிப்பது, அதனைச் சமாளிக்க நோயாளி கைக்கொண்ட பழக்கங்களாலேயே என்றார் அவர். மூன்றாவது வகைக் காரணிகள் நோயாளியின் கைக்குள் அடங்கியவை. சுயவுதவிக்கான கோட்பாட்டு அடிப்படை இங்கேதான் இடப்பட்டது எனலாம்.

எண்ணமும் நித்திரையும்

நடத்தையை மாற்றினாற் போதுமா, எண்ணத்தையும் மாற்றவேண்டாமா என்ற வினா அடுத்து எழுந்தது. மனச்சோர்வுக்கு ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிகைச் சிகிச்சை இதற்கு வழிகாட்டிற்று. கனடாவின் லவால் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாள்ஸ் மொறின் 1993இல் வெளியிட்ட நூல், நடத்தை விதிகளையும் எண்ணங்களைச் சீர்தூக்கும் பயிற்சியையும் ஒரே சிகிச்சையாக இணைத்தது. “எட்டு மணி நேரம் உறங்காவிடின் நாளை என்னால் ஒன்றும் செய்ய இயலாது” என்ற எண்ணமே விழிப்பை வளர்க்கின்றது. அவ்வெண்ணத்தை நோயாளி தன் அனுபவத்தோடு ஒப்பிட்டுச் சோதித்தல் வேண்டும். குறைவாக உறங்கிய நாட்களிலும் தான் பணியாற்றியதை அவரே குறிப்பேட்டிற் காணும்போது அச்சம் தளர்கின்றது.

1999இல் மொறின் குழுவினர் வயோதிபர் 78 பேரிடம் இச்சிகிச்சையையும் தெமசெப்பாம் குளிசையையும் ஒப்பிட்டனர். குறுகிய காலத்தில் இரண்டும் பயன்தந்தன. ஈராண்டு வரை பின்தொடர்ந்து பார்த்தபோது, சிகிச்சை கற்றோரிடமே பயன் நிலைத்திருந்தது. குளிசை நின்றதும் அதன் பயனும் நின்றது. கற்ற முறையோ கற்றவருடனேயே தங்கிவிட்டது. நித்திரையின்மைச் சிகிச்சையின் வரலாற்றில் இவ்வேறுபாடு அடிப்படையானது.

நூலிலிருந்து கணினிக்கு

இத்துணைச் சிறப்புடைய சிகிச்சை ஏன் பரவவில்லை? அதனை அளிக்கப் பயிற்சி பெற்றோர் மிகச் சிலர். ஒரு குளிசையை எழுதிக்கொடுக்கச் சில நிமிடங்கள் போதும். இச்சிகிச்சைக்கோ ஆறு முதல் எட்டு வாரங்கள் தேவை. துயிலற்றோர் இலட்சக்கணக்கில் இருக்க, சிகிச்சையாளர் விரல்விட்டு எண்ணத்தக்க நிலையில், சிகிச்சையாளரின்றியே சிகிச்சை இயலுமா என்ற வினா எழுந்தது.

முதல் விடை அச்சு நூலாக வந்தது. 1999இல் கியூபெக்கில் மிமோவும் மொறினும் நடத்திய ஆய்வில், ஒரு குழுவினர் சிகிச்சைக் கையேட்டை மட்டும் பெற்றனர். மற்றொரு குழுவினர் அதனோடு வாரந்தோறும் தொலைபேசி அழைப்பும் பெற்றனர். இரு குழுவினரும் முன்னேறினர். அழைப்புப் பெற்றோர் சிகிச்சை முடிவில் ஒரு படி மேலே நின்றனர். பின்னர் அவ்வேறுபாடு மறைந்தது.

இரண்டாவது விடை இணையத்திலிருந்து வந்தது. 2004இல் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த லாஸ் ஸ்ரோம், கெர்ஹாட் அன்டர்சன் முதலியோர் ஐந்து வார இணையவழிச் சிகிச்சையொன்றை 109 பேரிடம் சோதித்தனர். சிகிச்சை பெற்றோரின் நித்திரை மேம்பட்டது. ஆயின் காத்திருந்த ஒப்பீட்டுக் குழுவினரிடமும் ஓரளவு மேம்பாடு காணப்பட்டது. ஏறத்தாழ நாலில் ஒருவர் இடைவிலகினர். 2009இல் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் லீ றிற்றர்பான்ட் குழுவினர், கணினியே நோயாளியின் குறிப்புகளைப் பெற்று அவருக்குரிய படுக்கை நேரத்தைக் கணித்துக் கூறும் முறையை அமைத்து வெற்றி கண்டனர்.

1966இல் யோசெப் வைசன்பௌம் ஆக்கிய எலைசா என்னும் கணினி நிரல் உளச்சிகிச்சையாளரின் உரையாடலைப் போலச்செய்தது. ஆனால், நித்திரையின்மைச் சிகிச்சைக்கு அத்தகைய போலியுரையாடல் தேவைப்படவில்லை. பூற்சின் அளித்தவை விதிகள். ஸ்பீல்மன் அளித்தது கணக்கு. மொறின் சேர்த்தது வினாவிடைப் பயிற்சி. விதியையும் கணக்கையும் கணினி எளிதில் ஏற்றுக்கொண்டது. உளச்சிகிச்சை வகைகளுள் இது முற்பட இயந்திரமயமாகியமைக்கு அதன் அமைப்பே ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

இக்காலத்திலே பிரித்தானியாவில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு எடுத்துக்காட்டத்தக்கது. ஒக்ஸ்போட்டில் உளவியல் கற்ற பீற்றர் ஹேம்ஸ் என்பவர் கடும் நித்திரையின்மைக்கு ஆளானபோது, அவருக்குக் குளிசைகளே கிடைத்தன. தாம் கற்றறிந்த நடத்தைச் சிகிச்சை அவருக்கு எட்டவில்லை. ஆதலால், கிளாஸ்கோவின் பேராசிரியர் கொலின் எஸ்பி எழுதிய சுயவுதவி நூலைக் கொண்டு தம்மைத் தாமே குணப்படுத்திக்கொண்டார். பின்னர் நூலாசிரியரையே தேடிச் சென்றார். அவர்கள் இருவரும் இணைந்து ஆக்கியதே ஸ்லீப்பியோ என்னும் இணையவழிச் சிகிச்சை. 2012இல் 164 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், அது போலிச் சிகிச்சையிலும் வழமையான பராமரிப்பிலும் மேலானதென நிறுவப்பட்டது. போலிக் குளிசைக்கு நிகராக ஒரு போலி இணையச் சிகிச்சையையும் அமைத்து ஒப்பிட்டமை இவ்வாய்வின் சிறப்பாகும்.

அதன்பின் அங்கீகாரங்கள் தொடர்ந்தன. 2016இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி, நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற்சிகிச்சையாகக் குளிசையை அன்றி அறிகை நடத்தைச் சிகிச்சையையே அளிக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, வைத்தியர் எழுதிக்கொடுக்கத்தக்க இத்தகைய நிரலொன்றுக்கு அனுமதி வழங்கிற்று. ஜேர்மனியில் அதே ஆண்டில் இவ்வகை நிரலொன்று காப்புறுதி செலவேற்கும் பட்டியலில் இடம்பெற்றது. 2022இல் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம், நித்திரைக் குளிசைக்கு மாற்றாக ஸ்லீப்பியோவைப் பரிந்துரைத்தது.

எஞ்சி நிற்கும் வினாக்கள்

இவ்வரலாற்றை வெற்றிப் பவனியாக மட்டும் எழுதி முடிப்பது ஆய்வு நேர்மையாகாது. 2017இல் வெளியான ஒக்ஸ்போட் ஆய்வு எம்மைப் போன்ற மாணவரைப் பற்றியதாகலின் சற்று விரிவாக நோக்கத்தக்கது. பேராசிரியர் டானியல் பிறீமன் தலைமையில், 26 பிரித்தானியப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 3755 மாணவர் இதிற் பங்குகொண்டனர். இணையவழிச் சிகிச்சை அவர்களின் நித்திரையின்மையைக் குறைத்தது; அதனோடு பிறர்மீது கொள்ளும் காரணமற்ற ஐயம், மனச்சோர்வு என்பனவும் குறைந்தன. நித்திரையின்மை உளநோயின் விளைவு மாத்திரமன்று, அதன் காரணங்களுள் ஒன்றுமாகும் என்ற கருத்துக்கு இது வலுச்சேர்த்தது. பரீட்சைக் காலத்தில் விடியும்வரை விளக்கெரியும் விடுதி அறைகளை அறிந்த எமக்கு இம்முடிவு அலட்சியப்படுத்தத்தக்கதன்று.

ஆனால் அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் கூறுகின்றது. சிகிச்சை வழங்கப்பட்ட மாணவருள் 69 வீதத்தினர் ஒரு பாடத்தையாவது திறந்து பார்த்தனர். ஆறு பாடங்களையும் அடைந்தோர் 18 வீதத்தினர் மட்டுமே. சிகிச்சையாளரை நீக்கியபோது செலவு நீங்கியது, தூரம் நீங்கியது, கூச்சமும் நீங்கியது. அவற்றோடு, இடையில் நிறுத்தாதே என்று சொல்லும் குரலும் நீங்கிவிட்டது. படுக்கை நேரத்தைக் குறைக்கும் முதல் வாரங்களில் நோயாளி முன்னிலும் களைப்படைகின்றார். அக்கட்டத்திலேயே துணை மிகத் தேவைப்படுகின்றது. கியூபெக் ஆய்வின் தொலைபேசி அழைப்பை இங்கு மீண்டும் நினைவுகூர்தல் பொருத்தமாகும். மேலும், இருமுனை மனநோய், காக்கைவலிப்பு முதலியவை உடையோருக்கும், வாகனமோட்டுதல் போன்ற ஆபத்தான தொழில் புரிவோருக்கும் நித்திரையைக் குறைத்தல் தீங்கு பயக்கக்கூடும். அவர்கள் வைத்தியரின் மேற்பார்வையின்றி இதில் இறங்குதல் தகாது.

இரண்டாவது வினா பொருளாதாரம் சார்ந்தது. விதிகளுக்கு விலையில்லை, அவற்றை ஏந்திவரும் நிரலுக்கு விலையுண்டு. 2020இல் அமெரிக்க அனுமதி பெற்ற நிரலின் உரிமையாளரான நிறுவனம் 2023இல் வங்குரோத்து அடைந்தது. பண்டமாதலிலிருந்து விடுபட்ட துயில் வேறொரு வடிவிற் பண்டமாகும் அபாயம் இங்கு உண்டு. அமெரிக்காவின் முன்னாட் படைவீரர் திணைக்களம் இத்தகைய சிகிச்சைச் செயலியை இலவசமாக வழங்கியமை மாற்றுவழியொன்றும் உண்டு என்பதைக் காட்டுகின்றது.

மூன்றாவது வினா எமக்கு நெருக்கமானது. குளிசைக்கு மொழி தேவையில்லை; வயிற்றுக்குள் அது தன் வேலையைச் செய்யும். இச்சிகிச்சையோ முழுவதும் மொழியாலானது. எண்ணத்தை எடுத்துச் சோதிப்பவன் தன் தாய்மொழியிலேயே அதனைச் செய்தல் இயலும். அதுமட்டுமன்று, எழுந்து வேறோர் அறைக்குச் செல்க என்ற பூற்சினின் விதி, வேறோர் அறை உண்டு என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கின்றது. ஒரே விறாந்தையிற் பாய்விரித்துக் குடும்பம் முழுவதும் உறங்கும் வீட்டில் அவ்விதியை எவ்வாறு கடைப்பிடிப்பது? பாயைச் சுருட்டி வைத்துத் திண்ணையில் அமர்தல் அதற்கு ஈடாகுமா? மதிய உணவின் பின் கண்ணயரும் வெப்பநாட்டு வழக்கத்தை என்செய்வது? இவற்றுக்கு வெளிநாட்டு நிரலை மொழிபெயர்ப்பதால் மட்டும் விடை கிடைக்காது. தொழிற்சாலையின் இரவுமுறையும் கடனும் இடநெருக்கடியும் தொடக்கிவைக்கும் நித்திரையின்மைக்குத் தனிமனிதனின் பழக்கங்களை மட்டும் பொறுப்பாக்குவதும் முழு விடையாகாது. நீடிக்கச் செய்யும் காரணிகள் நோயாளியின் கையில் இருக்கலாம். தொடக்கிவைக்கும் காரணிகளுட் பல சமூகத்தின் கையில் உள்ளன.

முடிவாக நோக்குமிடத்து, நித்திரையின்மைச் சிகிச்சையின் வரலாறு அறிவு கைமாறிய வரலாறாகத் தென்படுகின்றது. இரசாயனக் கூடத்திலிருந்து வைத்தியரிடமும், வைத்தியரிடமிருந்து உளவியலாளரிடமும், அவரிடமிருந்து நூலுக்கும் கணினிக்கும், அவற்றின் வழியே துயிலற்றவரிடமும் அது வந்து சேர்ந்துள்ளது. விழுங்குபவனாக இருந்த நோயாளி கற்பவனாக மாறியமை உண்மையான முன்னேற்றமாகும். எனினும், கற்பவனுக்குத் துணையும் வேண்டும். தன் மொழியும் வேண்டும். உளவியல் கற்போரும் மருத்துவம் கற்போரும் தமிழ் கற்போரும் ஒருங்கே பயிலும் பல்கலைக்கழகமே அத்துணையையும் மொழியையும் அளிக்கத்தக்க இடமாகும். இச்சிகிச்சைக்கு நல்லதொரு தமிழ்க் கையேட்டை எழுதி, வாரம் ஒருமுறை அதனை வாசிப்போருடன் பேச ஒருவரை அமர்த்துதல் பெருஞ்செலவை வேண்டும் பணியன்று. அப்பணி எம் தலைமுறையினரின் கைகளிலேயே உள்ளது.